எடுத்துப்போன தண்ணீருக்கு முடிவு கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

(தர்மபுரியில் கல்லூரி வேதியியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆராய்ச்சி தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: எங்கள் ஊர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கென்று வந்தார்கள். பிள்ளைகளின் பல்லைப் பார்த்தார்கள், சிறுநீரும் வீட்டுத் தண்ணீரும் டப்பாவில் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரு தகவலும் இல்லை. இவர்கள் பட்டம் வாங்க எங்கள் பிள்ளைகள்தான் கிடைத்தார்களா?
— ஒரு தாய், பென்னாகரம் வட்டம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, அம்மா. நம் மாவட்டத்தில் பல ஊர்க்காரர்கள் என்னிடம் இதையேதான் கேட்கிறார்கள். தண்ணீர், மண், ரத்தம் எல்லாம் கொடுக்கிறோம், பதில் மட்டும் வருவதில்லை.

உங்களுக்கு இருக்கும் உரிமையை முதலில் சொல்லிவிடுகிறேன். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. அதன்படி, சின்னப் பிள்ளைகளிடம் மாதிரி எடுப்பதற்கு முன் பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் அதற்குப் புரிகிற மாதிரி சொல்லி அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும். அந்தச் சம்மதத் தாளில் ஆராய்ச்சியாளரின் பெயர், தொலைபேசி எண், ஆராய்ச்சியை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் எல்லாம் இருக்க வேண்டும். தாள் உங்கள் கையில் இல்லையென்றால் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அனுமதி கேட்டு வந்த கடிதம் பள்ளிக் கோப்பில் இருக்கும். அதிலுள்ள துறைத் தலைவருக்கு, "எங்கள் பிள்ளையின் முடிவும் எங்கள் வீட்டுத் தண்ணீரின் முடிவும் வேண்டும்" என்று இரண்டு வரி எழுதுங்கள். நாலைந்து தாய்மார்கள் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. முடிவு கேட்பதால் யாருக்கும் நாம் கடன்பட்டவர்கள் ஆகிவிட மாட்டோம், கொடுத்தவர்கள் நாம்தானே.

சரி, எதற்காக எடுத்தார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளில், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. போர் தண்ணீர் ஆழத்தில் அந்தப் பாறையோடு நெடுங்காலம் ஊறிக் கிடக்கிறது. தண்ணீரில் கால்சியம் போதிய அளவு இருந்தால் ஃபுளோரைடு அதோடு சேர்ந்து கொஞ்சம் கீழே படிந்துவிடும். கால்சியம் குறைவாக, சோடியமும் பைகார்பனேட்டும் அதிகமாக உள்ள தண்ணீரில் அது கரைந்தபடியே மேலே வருகிறது. அதனால்தான் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கும் இரண்டு போர்களில்கூட அளவு வேறுபடும். இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் அதிகபட்சம் 1.5.

ஃபுளோரைடு எவ்வளவு உள்ளே போகிறது என்பதைச் சிறுநீர் காட்டும். பல் கறை வேறு கதை, அது பழைய கணக்கு. ஈறுக்குள் பல் உருவாகும் காலத்தில் குடித்த தண்ணீர்தான் எனாமலில் வெள்ளைத் திட்டாகவும் பழுப்புக் கறையாகவும் நிற்கிறது. கடைவாயின் ஞானப் பல்லைத் தவிர மற்றப் பற்களின் வெளிப்பகுதி ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். ஆகவே எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீட்டில் தண்ணீர் விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிஞ்சியதில் அதன் அளவு கூடத்தான் செய்யும். ஜப்பான் நிதியுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃபுளோரைடால் வரும் ஃபுளோரோசிஸ் நோயைக் குறைக்கத்தான். குழாயில் அந்தத் தண்ணீர் வரும் நாளில் பிடித்துவைத்துக் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள், போர் தண்ணீர் துவைக்கவும் கழுவவும் போகட்டும். குடிக்க மட்டும் ஒகேனக்கல், சோறு வடிக்கப் போர் என்று வைத்துக்கொள்ளும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சோறும் குழம்பும் அந்தத் தண்ணீரைக் குடித்துவிடுகின்றன, அது வயிற்றுக்குத்தான் வருகிறது.

ஒன்று சொல்ல மனம் உந்துகிறது. எலும்பை விறைக்கவைக்கும் ஃபுளோரோசிஸ் இந்தியாவில் இருக்கிறது என்று முதன்முதலில் மருத்துவ இதழில் எழுதப்பட்டது 1937-ல், ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கம் செய்த ஆய்விலிருந்து. கட்டுரை எழுதியவர்களின் பெயர் இன்றைக்கும் மேற்கோளில் நிற்கிறது. குனிய முடியாத முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற கிராமத்துக்காரர்கள் இல்லாவிட்டால் அந்தக் கட்டுரையே கிடையாது. உங்கள் பிள்ளையும் அப்படி ஒரு பங்கைக் கொடுத்திருக்கிறது. அதற்குரிய மரியாதை, முடிவைக் கொண்டுவந்து கொடுப்பதுதான்.

கேள்வி: ராகிக் களி தினமும் சாப்பிட்டால் பல் கறை போய்விடும் என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், காரிமங்கலம்

பதில்: வந்த கறை போகாது. அதற்குப் பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஆனால் களியை நிறுத்திவிடாதீர்கள். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் சிறு பங்குகூடக் கிடையாது. உணவில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் குடல் ஃபுளோரைடை உறிஞ்சுவது குறைகிறது. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் பையூரில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் ராகி, சாமை, கொள்ளு ரகங்களைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டு வருகிறதே, அந்த வேலை விளைச்சலோடு முடிவதில்லை. நம் பிள்ளைகளின் எலும்புக்கும் அது போய்ச் சேர்கிறது.

கேள்வி: குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்டிருக்கிறேன். மாவுப்பூச்சி வந்து நுனியெல்லாம் சுருண்டுவிட்டது. மருந்து அடிக்காமல் குளவி விடச் சொல்கிறார்கள். பூச்சியைக் கொல்ல இன்னொரு பூச்சியா? நாளைக்கு அந்தக் குளவியே பயிரைத் தின்னாதா?
— விவசாயி, பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: நல்ல கேள்வி ஐயா. இதே கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் கேட்டுப் பார்த்த பிறகுதான் குளவியை வெளியே விட்டார்கள்.

உங்கள் வயலில் இருப்பது இந்தியாவில் முதன்முதலாக 2020-ல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சியாக இருக்கலாம். நுனி இலைகள் கொத்தாகச் சுருங்கி, கணு நெருங்கிப் போயிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. இது தென் அமெரிக்கப் பூச்சி. ஆண் இல்லாமலே பெண் முட்டை வைக்கும், அதனால் ஒன்று வந்தாலும் போதும், ஒரு கூட்டமாகிவிடும். நடுவதற்கு வாங்கிவரும் குச்சியில் ஒட்டிக்கொண்டுதான் ஊர் விட்டு ஊர் போகிறது.

1970-களில் இதே பூச்சி ஆப்பிரிக்காவில் கிழங்குக் காடுகளை அழித்தது. அங்கே கிழங்குதான் ஏழைகளின் சோறு. அதன் பூர்வீகம் எது, அங்கே அதை அடக்கி வைத்திருப்பது எது என்று தேடிக்கொண்டு போனவர்கள் 1981-ல் பராகுவேயில் அதைக் கண்டார்கள். அங்கே அனாகைரஸ் லோபெசி என்ற ஒரு சின்னக் குளவி அதைத் தாக்கிக்கொண்டிருந்தது. அந்தக் குளவியை வளர்த்து நாடு நாடாக விட்டார்கள். இந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானிக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைத்தான் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் 2021-ல் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, தனிமைக்கூடத்தில் அடைத்துவைத்து, வேறு பூச்சிகளைத் தொடுகிறதா என்று சோதித்தது. 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயலில் விடத் தொடங்கினார்கள்.

கையில் ஒரு லென்ஸ் இருந்தால் நீங்களே பாருங்கள். குளவி கடுகைவிடச் சிறியது. மாவுப்பூச்சியைக் கொம்பால் தட்டிப் பார்த்து, திரும்பி நின்று, அதன் உடம்புக்குள் முட்டையைச் செலுத்தும். உள்ளே பொரிக்கும் புழு அதைத் தின்றே வளரும். மாவுப்பூச்சி பழுப்பாகி, உப்பி, அசையாமல் கூடு மாதிரி ஆகிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் கூட்டில் வட்டமாக ஓட்டை விழுந்து புதுக் குளவி வெளியே வரும். ஓட்டை விழுந்த கூடுகள் உங்கள் இலையில் தெரிந்தால் குளவி வேரூன்றிவிட்டது என்று அர்த்தம். பயிரைத் தின்ன அதற்கு வாயும் கிடையாது, தேவையும் கிடையாது. அதன் குஞ்சுக்கு இந்த மாவுப்பூச்சிதான் தீனி. மாவுப்பூச்சி குறைந்தால் குளவியும் குறையும்.

குளவி விட்ட வயலில் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான், இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அடுத்த நடவுக்குப் பூச்சி தாக்காத செடியிலிருந்து குச்சி எடுங்கள். குளவிக்கு ஏத்தாப்பூரையோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேளுங்கள். விட்ட பிறகு என்ன ஆனது என்று அவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். 2010-ல் பப்பாளி மாவுப்பூச்சிக்கு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி வந்தபோது, பப்பாளியோடு மல்பெரித் தோட்டங்களும் பிழைத்தன. எந்த வயலில் நிலைத்தது, எங்கே நிலைக்கவில்லை என்பது விவசாயி வாய் திறந்தால்தான் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தெரியும். உங்கள் வயலும் அந்த ஆராய்ச்சியின் ஒரு பக்கம்தான்.

கேள்வி: முதுகலை விலங்கியல் படிக்கிறேன். முனைவர் பட்டத்துக்குப் பட்டுப்புழு நோய்களை எடுக்க ஆசை. வீட்டில், "ஆராய்ச்சி என்றால் புற்றுநோய், சர்க்கரை என்று மருத்துவமாக எடு, புழுவை எடுத்தால் யார் மதிப்பார்கள்" என்கிறார்கள். என்ன செய்யட்டும் அம்மா?
— மாணவி, பாலக்கோடு

பதில்: புழுவையே எடு, மகளே. வீட்டில் இருப்பவர்களுக்கு லூயி பாஸ்டர் கதையைச் சொல். 1865-ல் பிரான்சின் தெற்கே பட்டுப்புழுக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது அரசாங்கம் அவரை அனுப்பியது. அவர் மருத்துவர் அல்லர், வேதியியல் படித்தவர். அதுவரை பட்டுப்புழுவோடு எந்தப் பழக்கமும் இல்லை. அலெஸ் என்ற ஊரில் பல வருடம் புழுக்களோடு கிடந்து, பெப்ரின் என்ற நோய் தாய் அந்துப்பூச்சியிலிருந்து முட்டை வழியாகப் புழுவுக்கு இறங்குகிறது என்று காட்டினார். நோய் ஒரு உயிரிலிருந்து இன்னொரு உயிருக்கு எப்படித் தொற்றுகிறது என்று அங்கே கற்றதுதான் பிற்பாடு அவரை மனித நோய்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1885-ல் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி போட்டவரும் அவர்தான்.

அவர் சொன்ன வழியைத்தான் இன்றைக்கும் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நம் வித்தகங்களில் செய்கிறார்கள். முட்டை வைத்து முடித்த தாய் அந்துப்பூச்சியை அரைத்து, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். முட்டை வடிவத்தில் மினுங்கும் நோய்க்கிருமி வித்துகள் தெரிந்தால் அந்த முட்டைகளை அழித்துவிடுவார்கள். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு மூட்டையோடு வரும் ஒவ்வொரு குடும்பத்தின் வருமானமும் அந்த ஒரு சொட்டை நம்பி இருக்கிறது. ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபு வள மையம் பட்டுப்புழு இனங்களையும் மல்பெரி வகைகளையும் பாதுகாத்து வருகிறது. ஒரு நாள் அனுமதி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வா, தலைப்பு தானாகத் தெளியும்.

பணத்துக்கு, தேசிய தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கான இடம் வாங்கிவிடு. 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். யாரிடமும் கையேந்தாமல் படிக்கலாம். நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் முன் அவரிடம் ஏற்கெனவே படித்தவர்களிடம் தனியாகப் பேசு. ஒரு வாரத்தில் கட்டுரை போடுகிறேன், பணம் கட்டு என்று மின்னஞ்சல் வரும், அந்தப் பக்கமே போகாதே. புழு வளர்க்கும் வீடுகளில் மாதிரி எடுக்கும்போது அவர்களுடைய எண்ணைக் குறித்துக்கொள். நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்த அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடு. ஆய்வேடு முடியட்டும் என்று வைத்திருந்தால் அதற்குள் அவர்களுக்கு ஒரு புழு வளர்ப்புப் பருவமே போய்விடும்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரை நாங்களே பரிசோதனைக்குக் கொடுக்க முடியுமா? எப்படி எடுப்பது?
— வாசகர், ஊத்தங்கரை

பதில்: தாராளமாக. மாவட்டத் தலைநகரில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. போய்க் கேட்டால் கட்டணமும் விவரமும் சொல்வார்கள். பாட்டில் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், கண்ணாடி வேண்டாம். ஃபுளோரைடு கண்ணாடியில் ஒட்டி அளவைக் கெடுக்க வாய்ப்பு உண்டு. மோட்டாரைப் போட்டவுடன் வருவதைப் பிடிக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். அதே தண்ணீரில் பாட்டிலையும் மூடியையும் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுக் கழுத்துவரை பிடித்து இறுக்கி மூடுங்கள். சோப்பு போட்டுக் கழுவ வேண்டாம். ஊர், தெரு, போரின் ஆழம், பிடித்த தேதி இவற்றை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். கோடைக்கு ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று என இரண்டு முறை கொடுத்தால் நல்லது, அளவு மாறும். முடிவுத் தாள் வந்ததும் நகல் எடுத்து ஊராட்சி அலுவலகத்திலும் அங்கன்வாடியிலும் ஒவ்வொன்று கொடுத்துவிடுங்கள்.