செவலை குரைத்தால்தான் சோறா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். 11 வருடத்துக்கு முன்பு ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில், மராமத்துக்காகக் கரையேற்றியிருந்த படகுக்கு அடியில் கிடந்த நாய்க்குட்டியை மாமனார் தூக்கி வந்தார். செவலை என்று பெயர் வைத்து என் பிள்ளை மாதிரி வளர்த்தேன். அவ்வளவு அறிவு. ராத்திரி மாமாவுக்குச் சோறு வைக்க மறந்துவிட்டால் அடுப்படி வாசலில் வந்து நின்று குரைக்கும். போன மாதம் சிறுநீரகம் கெட்டு இறந்துவிட்டது. கடைசி நாட்களில் மூன்று வேளையும் நான்தான் கஞ்சி ஊட்டினேன். கொல்லையில் புதைத்த இடத்தில் டைல்ஸ் பதித்துச் சமாதி கட்ட ஆசை. 15,000 ரூபாய் ஆகுமாம். நாய்க்குச் சமாதியா என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். கணவர் வேறு குட்டி வாங்கித் தருகிறேன் என்கிறார். மாமா எதுவும் பேசுவதில்லை. செவலையை மறக்காமலிருக்க என்ன செய்யட்டும்?

பதில்: சிரிக்கிறவர்கள் நாலு நாள் சிரித்துவிட்டுப் போவார்கள், மகளே. நாய்க்குக் கல் நடுவது நம் ஊருக்குப் புதிதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கோவிவன் என்ற அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று அதன் பெயரோடு அது செய்த வேலையையும் பொறித்திருக்கிறார்கள்.

உங்கள் செவலைக்கு என்ன பொறிப்பீர்கள்? கடிதம் முழுக்க அது செய்ததாக ஒரே ஒரு காரியம்தான் இருக்கிறது. 'மாமாவுக்குச் சோறு வைக்க மறந்துவிட்டால்' குரைக்கும். நாயின் அறிவைச் சொல்ல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உங்கள் வீடு தெரிகிறது. என்றைக்கோ ஒரு நாள் மறந்திருந்தால் நாய்க்கு அது பழக்கமாகாது. நேரம் தப்புவதும், குரைத்ததும் தட்டு வருவதும் திரும்பத் திரும்ப நடந்தால்தான் அது கற்றுக்கொள்ளும். தன் பங்கு மீன் தலைக்காகக் குரைத்திருக்கும் என்று யாராவது சொல்லலாம். சரி, அப்படியே இருக்கட்டும். அந்த மனிதர் இன்னும் சாப்பிடவில்லை என்பதாவது அதற்குத் தெரிந்திருந்தது.

செவலை போய் ஒரு மாதமாகிறது. இந்த ஒரு மாதமாக அடுப்படி வாசலில் வந்து நின்றது யார்? அவர் வந்து நிற்க மாட்டார். வலை இழுத்துச் சம்பாதித்து வீட்டுக்கே சோறு போட்டவர், மருமகளிடம் வந்து 'பசிக்குதும்மா' என்று சொல்ல மாட்டார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்துக்கொள்வார். எதுவும் பேசுவதில்லை என்கிறீர்கள். துக்கம்தான். கூடவே பசியும் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? நாய்க்கு மூன்று வேளையும் தவறாமல் கஞ்சி ஊட்டிய கை உங்களுடையது. ஆகவே முடியவில்லை, நேரமில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

உங்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. பெற்ற பிள்ளை எங்கே? உங்கள் பக்கம் விசைப்படகு வாரத்தில் 3 நாள்தான் கடலுக்குப் போகிறது, மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. போதாததற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இத்தனை நாள் கரையில் இருக்கிற மனிதர், அப்பா சாப்பிட்டாரா என்று எட்டிப் பார்த்ததில்லையா? வேறு குட்டி வாங்கித் தருகிறேன் என்கிறாரே, தான் செய்ய வேண்டியதை அதுவும் வந்து செய்யட்டும் என்றா? வயதான தகப்பனைப் பார்ப்பது முதலில் மகன் கடமை, அப்புறம்தான் மருமகள். இந்தப் பத்தியை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

இன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மாமாவின் தட்டை எடுத்துக்கொண்டு போங்கள். வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். மீனில் முள் எடுத்துக் கொடுத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்காருங்கள். செவலையைப் பற்றி நீங்களே பேச்சை எடுங்கள். படகுக்கு அடியில் எப்படிக் கிடந்தது, எதைக் கொடுத்துத் தேற்றினார், யார் திட்டியும் கேட்காமல் தூக்கி வந்தார், எல்லாம் அவருக்குத்தான் தெரியும். உங்களுக்குப் பிள்ளை மாதிரி என்றால், தூக்கி வந்தவருக்கு அது என்னவாக இருந்திருக்கும்?

சமாதியையும் அவரிடமே கேளுங்கள். டைல்ஸ் வேண்டாம், ஒரு வேப்பங்கன்று போதும் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுடையது மணல் பூமி, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் கிணறு இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள்.

புதுக் குட்டி, மாமா தானாகக் கேட்டால் மட்டும். வந்தால் மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, வருடா வருடம் தொடருங்கள். அதற்கு முன்னால், உங்கள் கணவர் கரையில் இருக்கிற ராத்திரிகளில் தன் பாயை எடுத்துக்கொண்டு போய் அப்பாவுக்குப் பக்கத்தில் விரித்துப் படுக்கட்டும்.