எல் சல்வடோர்: காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகலாம், இப்போது

"எல் சல்வடோர் நிஜமாகவே பாதுகாப்பான நாடாகிவிட்டதா, இல்லை எல்லாம் விளம்பரமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குப் போகும் யோசனையில் இருக்கிறீர்கள் போலிருக்கிறது. விளம்பரம் இல்லை. இரண்டு காலத்தையும் பார்த்தவன் சொல்கிறேன்.

2015இல் நூற்பாலை இயந்திரங்கள் பொருத்தப் போயிருந்தேன். மத்திய அமெரிக்காவில் அறுபது லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் நாட்டில், அந்த ஒரு வருடத்தில் மட்டும் 6,600க்கும் மேல் கொலைகள். முதல் நாள் மாலை, தலைநகரை ஒட்டிய சோயாபாங்கோ ஊருக்குள் நுழையும்போது டிரைவர் நான்கு கண்ணாடிகளையும் இறக்கினார். முகப்பு விளக்கை அணைத்து, உள்விளக்கைப் போட்டார். ஏசி ரிப்பேரோ என்று நினைத்தேன். "முகம் தெரியணும்" என்றார், அவ்வளவுதான். தெருமுனையில் கும்பலுக்குக் காவல் நின்ற பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் குனிந்து என்னைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். அதன்பிறகுதான் வண்டி நகர்ந்தது.

என்னை அனுப்பிய ஏஜென்சி இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்பீடு என்று மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். திரும்பி வந்து கேட்டால் அப்படி ஒரு பாலிசியே எடுக்கவில்லை. இன்றும் வயிறு எரிகிறது. நீங்கள் போவதென்றால் பாலிசித் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா வாசலில் புபுசா (உள்ளே பூரணம் வைத்த சோள ரொட்டி) சுட்டு விற்பார். வாரம் 15 டாலர் கும்பலுக்குப் போகும். 'ரென்டா' என்பார்கள், வாடகை மாதிரி. அந்தப் பணத்தை மாவு டப்பாவுக்கு அடியில் தனியாக வைத்திருப்பார். அவருடைய தங்கை வீடு மூன்று தெரு தள்ளித்தான். ஆனால் அது எதிர்க்கும்பலின் இடம். அடையாள அட்டையில் இருக்கும் முகவரியைப் பார்த்தே ஆளைக் கொன்றுவிடுவார்கள். நான்கு வருடமாகத் தங்கையைப் பார்க்கவில்லை.

2023 கடைசியில் மறுபடி போனேன். இருட்டியபிறகு அந்த அம்மா என்னை நடத்தியே தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போனார். தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது.

உடனே "அதிபர் புகேலேயின் ஆதரவாளன்" என்று கிளம்பிவிடாதீர்கள். கொலைகள் 2015க்குப் பிறகே குறைய ஆரம்பித்துவிட்டன, அது அவர் பதவிக்கு வருவதற்கு முன்பே. 2022 மார்ச்சில் மூன்றே நாளில் 87 பேர் கொல்லப்பட்டதும் அவசரநிலை வந்தது; அதை மாதாமாதம் நீட்டிக்கிறார்கள். எண்பதாயிரத்துக்கும் மேல் கைது. 2024இல் அரசுக் கணக்குப்படி 114 கொலைகள்தான், போலீஸ் சுட்டுச் செத்தவர்கள் அதில் சேர்த்தியில்லை. ஆயிரக்கணக்கான நிரபராதிகளை விடுவித்ததாக அரசே சொல்கிறது. அப்படியானால் அவர்களைப் பிடித்தது ஏன்? இதைக் கேட்டால் கும்பலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பார்கள். அந்தத் தெருமுனையில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தவன் நான்.

தங்கை வீட்டில் மேசைமேல் வெள்ளை பனியன், சோப்பு, பற்பசை எல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள். தங்கை மகனுக்கு. 2022 மே மாதம் வேலைக்குப் போகும் வழியில் பிடித்துப்போனார்கள். உடம்பில் பச்சை குத்தியதில்லை, எந்த வழக்கும் இருந்ததில்லை. மாதம் ஒருமுறை சிறை வாசலில் வரிசையில் நின்று அந்தப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். நான் ஊருக்குக் கிளம்பும்வரை பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்கள், பையனை ஒருமுறைகூடக் கண்ணில் காட்டவில்லை.