ஃபைலைக் கண்டுபிடித்ததும் காரணத்தைக் கண்டுபிடித்ததும்

கேள்வி: நான் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவள். பி.எஸ்சி. நர்சிங் முடித்து நான்கு ஆண்டுகளாகத் தனியார் மருத்துவமனையில் பணிபுரிகிறேன். பிரிட்டனில் வேலைக்கு முயன்று வருகிறேன். மாதிரி நேர்காணலில், நோயாளியின் காணாமற்போன கோப்பையும் (ஃபைல்) அவருடைய காய்ச்சலுக்கான காரணத்தையும் கண்டுபிடித்ததைச் சொல்ல நினைத்து, ‘ஐ ஃபவுண்ட் அவுட் தி ஃபைல், ஐ இன்வென்டட் தி ரீசன்’ என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பயிற்சி மையத்தில், 400 ஃப்ரேசல் வெர்ப் (வினையோடு ‘அவுட்’, ‘அப்’ போன்ற சிறு சொல் சேர்ந்து வரும் தொடர்) அடங்கிய தொகுப்பை மனப்பாடம் செய்தால் இந்தக் குறை நீங்கும் என்று சொல்லி 12,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா ஐயா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் பிழைக்குக் காரணம் ஆங்கிலச் சொற்கள் தெரியாதது அன்று. ‘கண்டுபிடி’ என்னும் ஒரே தமிழ் வினை அத்தனை வேலைகளையும் தானே செய்து பழகியிருப்பதுதான். தொலைந்த சாவியையும் கண்டுபிடிக்கிறோம், திருடனையும் கண்டுபிடிக்கிறோம், புதுக் கருவியையும் கண்டுபிடிக்கிறோம். ஆங்கிலம் இவற்றைத் தனித்தனி வினைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

வானியலில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் இது எளிதில் விளங்கும். 1608ஆம் ஆண்டளவில் நெதர்லாந்தில் தொலைநோக்கி உருவானது. அதற்கு முன் இல்லாத ஒன்றை மனிதர் செய்ததால் அது இன்வென்ட். 1781இல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டார். அந்தக் கோள் முன்பே அங்கேதான் இருந்தது, யாருக்கும் தெரியாமல் இருந்ததை அவர் வெளிப்படுத்தினார் என்பதால் அது டிஸ்கவர். யுரேனஸின் பாதை கணக்குக்கு ஒத்துவராததைக் கொண்டு, அதற்கு அப்பால் இன்னொரு கோள் எங்கே இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு அறிஞர் லெ வெரியே தாளில் கணக்குப் போட்டுச் சொன்னார்; அது வொர்க் அவுட். அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள், 1846 செப்டம்பர் 23 அன்று இரவு, பெர்லின் வானாய்வகத்தில் யோகான் காலே அந்தக் கோளான நெப்டியூனைத் தேடிப் பார்த்துவிட்டார், அது ஃபைண்ட். இதே நெப்டியூனைக் கலிலியோ 1612 டிசம்பரிலேயே பார்த்துக் குறித்தும் வைத்திருந்தார், ஆனால் விண்மீன் என்று எண்ணிவிட்டார். கண்ணில் பட்டும் இன்னதென்று அவருக்கு உறைக்கவில்லை, அதாவது அவர் ரியலைஸ் செய்யவில்லை. தமிழில் எழுதும்போது இவர்களில் கலிலியோவைத் தவிர எல்லோருக்கும் ‘கண்டுபிடித்தார்’ என்று போட்டுவிடுவோம், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

இப்போது உங்கள் வார்டுக்கு வருவோம். கோப்பு கையில் எடுக்கக்கூடிய பொருள். ஆகவே ஃபைண்ட் மட்டும் போதும், ‘அவுட்’ வேண்டாம். காரணம் என்பது செய்தி. கேட்டோ, படித்தோ, பரிசோதனை செய்தோ ஒரு செய்தியைத் தெரிந்துகொள்வது ஃபைண்ட் அவுட். ஆய்வக அறிக்கை வந்து, அதிலிருந்து காய்ச்சலின் காரணம் உங்களுக்குத் தெரிந்ததென்றால் இதுவே சரி. யாரும் சொல்லாமல், ஊசி போட்ட இடத்தின் சிவப்பையும் வெப்பநிலைக் குறிப்பையும் சேர்த்துப் பார்த்து நீங்களே முடிவுக்கு வந்தீர்கள் என்றால் அது வொர்க் அவுட் அல்லது ஃபிகர் அவுட். அமெரிக்கர்கள் இரண்டாவதை அதிகம் சொல்வார்கள், பிரிட்டனில் முதலாவது கூடுதலாகக் காதில் விழும். எதைச் சொன்னாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள். 500 மில்லி திரவத்தை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு என்று நீங்கள் நாள்தோறும் போடும் கணக்கும் வொர்க் அவுட்தான். மருத்துவரின் கையெழுத்தில் மருந்தின் அளவு சரியாகத் தெரியவில்லையென்றால் அதற்கு மேக் அவுட் என்று தனிச்சொல் உண்டு: ‘ஐ கான்ட் மேக் அவுட் தி டோஸ்’. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, ஊகித்து மருந்து கொடுப்பதுதான் ஆபத்து.

உங்கள் ‘ஐ இன்வென்டட் தி ரீசன்’ ஏன் சிரிப்பை வரவழைத்தது என்றால், ‘இல்லாத காரணத்தை நானே இட்டுக்கட்டினேன்’ என்று அதற்குப் பொருள். ஒரு செவிலியர் நேர்காணலில் இப்படி ஒப்புக்கொண்டால் வேறென்ன நடக்கும்?

ஃபைண்ட் அவுட் செய்திக்கு மட்டுமே என்றேன். ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆளைக் குறிக்கும் சொல் நடுவில் வந்து ‘ஐ ஃபவுண்ட் ஹிம் அவுட்’ என்றானால், ‘அவருடைய கள்ளத்தனத்தைக் கண்டுகொண்டேன்’ என்று பொருள் மாறிவிடும். இரவுப் பணி மருத்துவரைத் தேடிப்பிடித்து அழைத்து வந்ததைச் சொல்ல நினைத்து இப்படிச் சொன்னால், அவர் ஏதோ முறைகேடு செய்து உங்களிடம் அகப்பட்டதாகவே கேட்பவர் எடுத்துக்கொள்வார். ஆனால் ‘ஹீ இஸ் அவுட் ஆஃப் பெட்’ என்பதில் உள்ள ‘அவுட்’ வேறு. ‘ஐ ஃபவுண்ட் ஹிம் அவுட் ஆஃப் பெட்’ என்றால் நோயாளி படுக்கையை விட்டு இறங்கியிருந்ததைப் பார்த்தேன் என்பது மட்டுமே, அதில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. ஆகவே ஆள் என்றால் ஃபைண்ட் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

நூற்றுக்கணக்கான சொற்களை அடுக்கிய இத்தகைய தொகுப்புகள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஃபைண்ட் அவுட், எதிரே கண்டுபிடி. ஃபிகர் அவுட், எதிரே கண்டுபிடி. வொர்க் அவுட், எதிரே கண்டுபிடி. எந்த நோய்க்கு மருந்து தேடி வந்தீர்களோ, அந்த நோயையே அச்சடித்து விற்கிறார்கள். வெளிநாடு செல்வோர் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.ஸின் பேச்சுத் தேர்வில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கும் சம மதிப்பெண் உடையவை. மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைத் தேர்வாளர் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார். மதிப்பெண்ணுக்கு உத்தரவாதம் தருகிறோம் என்று எந்த மையமாவது சொன்னால், அந்த உத்தரவாதத்தைத் தர அவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அதே மையம் வேலையும் வாங்கித் தருவதாகப் பணம் கேட்டால், பிரிட்டன் அரசின் அயல்நாட்டு மருத்துவப் பணியாளர் சேர்ப்பு நெறிமுறை அப்படி விண்ணப்பதாரரிடம் கட்டணம் வாங்குவதற்கு இடமளிக்கவில்லை என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். பேச்சு உடனே வேறு பக்கம் திரும்பும்.

இதில் அந்த மையத்தாரை மட்டும் நொந்து பயனில்லை. பள்ளியில் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி, பொருத்துக என்று கோடு போடச் சொல்லி மதிப்பெண் கொடுத்தோம். பிறகு நான்கு ஆண்டு நர்சிங் படிப்பை ஆங்கிலப் பாடநூல்களைக் கொண்டு நடத்திவிட்டு, மாணவியை வாய் திறந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேச வைக்காமலே பட்டம் கொடுத்து அனுப்புகிறோம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பிரிட்டன் வார்டில் முதல் நாளே உங்கள் வாயில் வரும். ‘சந்தேகம் கேட்கிறேன்’ என்ற பொருளில் நாம் ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே டவுட் என்றால் நம்பிக்கையின்மை. மருத்துவர் ஒரு மருந்தை எழுதி முடித்ததும் நீங்கள் அப்படிச் சொன்னால், அவருடைய முடிவை நீங்கள் நம்பவில்லை என்று அவர் கொள்ளக்கூடும். ‘ஐ ஹேவ் எ கொஸ்சன்’ என்று சொல்லுங்கள். அதேபோல், ‘எனக்குப் புரிகிறது’ என்பதற்கு ‘ஐ அண்டர்ஸ்டாண்ட்’ என்றால் போதும். ‘ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங்’ என்பது நம் ஊர் வழக்கு.

அடுத்த மாதிரி நேர்காணலில், ‘ஐ ஃபவுண்ட் தி ஃபைல் அண்ட் ஃபவுண்ட் அவுட் வை ஷி ஹேட் எ ஃபீவர்’ என்று சொல்லுங்கள். நோயாளி ஆணாக இருந்தால் ‘ஷி’ என்பதை ‘ஹீ’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்; தமிழில் ‘அவர்’ என்று ஒரே சொல்லால் சொல்லிப் பழகிய நமக்கு அங்கேயும் நாக்குப் பிறழும்.