காவடிப் பதிவும் பாரிஸ் வாடிக்கையாளரும்: வெப் ஆப் கட்டும் முறைகள் பற்றிய மொரீஷியஸ் கேள்விகள்

ரோஸ் ஹில்லிலிருந்து: அண்ணா, தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதிய எங்கள் கோயிலுக்கு ஒரு வெப் ஆப் செய்கிறோம். எல்லாவற்றையும் முன்பே திட்டமிட்டு வரிசையாக முடிக்கும் வாட்டர்ஃபாலா, சிறு சிறு சுற்றாகக் கட்டும் ஸ்க்ரமா?

பதில்: பூச நாள் நகராது தம்பி. தேதி கெட்டியாக இருந்தால் அம்சங்கள்தான் வளைய வேண்டும், எனவே ஒரு வார ஸ்பிரிண்ட் (ஒரு சுற்று வேலை) வைத்த ஸ்க்ரம். முதலில் பெயர், போன் நம்பர், காவடி வகை, ரசீது மட்டும். வெள்ளிதோறும் கமிட்டிக்காரர் ஒருவர் தம் போனிலேயே பதிந்து பார்க்கட்டும். ஒரே நம்பரில் வீட்டில் நாலு பேரைப் பதிய வேண்டும் என்று யாரும் லிஸ்டில் எழுதித் தரமாட்டார்கள்; முதல் வெள்ளியே தெரிந்துவிடும். போன் நம்பரை யூனிக் கீயாக (ஒரு நம்பருக்கு ஒரே பதிவு என்று) வைத்திருந்தால் அப்போது மாற்றுவது அரை நாள் வேலை. பதிவு திறந்தபின் மாற்றினால், அம்மாடி! பூசத்துக்குப் பத்து நாள் முன்பே புதிதாக நிரல் எழுதுவதை நிறுத்துங்கள்.

எபேனிலிருந்து: இரண்டு வார ஸ்பிரிண்ட். கடைசி இரண்டு நாளில் டெஸ்டிங் குவிந்து, பாதி டிக்கெட் (ஒவ்வொரு சிறு வேலையும் ஒரு டிக்கெட்) அடுத்ததுக்குத் தள்ளிப்போகிறது. ஏன்?

பதில்: ஸ்க்ரம் பெயரில் குட்டி வாட்டர்ஃபால் ஓடுகிறது. கணக்குப் பாருங்கள்: கையில் 12 டிக்கெட், வாரம் முடிவது 4 என்றால் ஒன்று முடியச் சராசரி 3 வாரம். இரண்டு வாரத்தில் எப்படி அடங்கும்? கையில் 6 மட்டும் வைத்தால் ஒன்றரை வாரம். போர்டில் டெவலப்மென்ட் 4, டெஸ்டிங் 2 என்று உச்சவரம்பு எழுதுங்கள். டெஸ்டிங் நிரம்பினால் டெவலப்பரும் டெஸ்ட் செய்யட்டும்; முணுமுணுப்பு வரும், வரட்டும். இரண்டு நாளுக்கு மேல் பிடிக்கும் டிக்கெட்டை உடையுங்கள். ஆனால் ஏபிஐ (திரைக்குப் பின்னால் டேட்டா தரும் பகுதி) தனி, திரை தனி என்று பிளந்தால் இரண்டும் சேரும்வரை டெஸ்டர் கைகட்டி உட்கார வேண்டியதுதான். "கார்டில் பணம் கட்டலாம்", "ரசீது மெயிலில் வரும்" என்று பயன்வாரியாக வெட்டுங்கள்.

காத்ர் போர்னிலிருந்து: பாரிஸ் வாடிக்கையாளர் விலையைக் கட்டிப்போட்டுவிட்டு வாராவாரம் மாற்றம் கேட்கிறார்.

பதில்: முதல் இரண்டு வாரத்தைத் தனி ஒப்பந்தமாக்கி, கிளிக் செய்து பார்க்கும் மாதிரியும் பேக்லாகும் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) கொடுங்கள், விலை அதற்குப் பிறகு. புதிதாக ஒன்று நுழைந்தால் அதே அளவு பழையது வெளியேறும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஸ்டாண்ட்-அப்பை (தினசரிக் குட்டி மீட்டிங்கை) நம் பகல் 1 மணிக்கு வையுங்கள்: அங்கே குளிர்காலத்தில் 10, கோடையில் 11. நம் காலை 9 மணி என்பது குளிர்காலத்தில் அவருக்கு விடியற்காலை 6.

போர்ட் லூயியிலிருந்து: அப்படியானால் வாட்டர்ஃபால் வேஸ்டா, அண்ணா?

பதில்: பழைய சிஸ்டத்தின் டேட்டாவைப் புதியதற்கு மாற்றும் வேலைக்கு அதுவே நல்லது, வேண்டியது முன்பே தெரியும், ஒத்திகை பார்க்கலாம். ஒரு வேடிக்கை: வாட்டர்ஃபாலின் தொடக்கம் என்று காட்டப்படும் 1970 கட்டுரையில் மென்பொருள் வல்லுநர் வின்ஸ்டன் ராய்ஸ், கடைசியில் மட்டும் டெஸ்ட் செய்வது ஆபத்து என்றே எழுதியிருக்கிறார்.

ரோஸ் ஹில்லிலிருந்து மறுபடி: காவடி முடிந்தபின் பராமரிக்க இரண்டே பேர். ஸ்க்ரம் தொடரணுமா?

பதில்: வேண்டாம், கன்பான் போதும்: ஸ்பிரிண்ட் இல்லாமல், கையில் இருக்கும் வேலைக்கு வரம்பு வைத்து ஒவ்வொன்றாக முடிப்பது. ஆளுக்கு ஒரு டிக்கெட், அவசரத்துக்கு ஒரு இடம் காலி.