வெயில் வெளியே, நீங்கள் உள்ளே

கேள்வி: எனக்கு வயது 26. பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை. முதுகுவலி என்று போனால், ரத்தத்தைச் சோதித்துவிட்டு வைட்டமின் டி குறைவு என்கிறார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத சென்னையில் இது எப்படி? மாத்திரை விற்கும் தந்திரம்தானே? எலும்புத் தேய்மானமெல்லாம் பாட்டிகளுக்கு வருவதல்லவா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், வேளச்சேரி

பதில்: வெயில் சென்னையில்தான் இருக்கிறது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்தி லிஃப்ட் ஏறினால், இருட்டிய பிறகுதான் இறங்குகிறீர்கள். பக்கத்திலேயே கண்ணாடிச் சுவர் இருக்கிறதே என்பீர்கள். கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும்; தோலில் வைட்டமின் டியை உண்டாக்கும் புற ஊதா பி கதிரை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடும். ஏ.சி.க்குக் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

பெசன்ட் நகர் கடற்கரையில் காலை ஆறு மணிக்கு நடப்பவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். நடை நல்லதுதான், ஆனால் சூரியன் தாழ்ந்திருக்கும்போது அந்தக் கதிர் தரைக்கு வந்து சேர்வது மிகக் குறைவு. பத்து மணிக்கு மேல், மூன்று மணிக்குள் கைகளில் வெயில் பட வேண்டும். நம் மாநிறத் தோலுக்கு நேரமும் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். மதியச் சாப்பாட்டை மேசைக்கே வரவழைக்காமல், இறங்கி நடந்துபோய்ச் சாப்பிடுங்கள்.

பாட்டிக்கு வருவோம். எலும்பைக் கட்டுவது கால்சியம்; சாப்பிட்ட கால்சியத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் டி வேண்டும். அவருக்குத் தேய்வது இளமையில் சேர்த்த எலும்பு. சேர்வதே ஏறக்குறைய முப்பது வயது வரைதான். உங்களுக்கு இன்னும் நான்கு வருடம். டீக்கடையில் நிற்கும் உங்கள் வயதுக்காரர்களைப் பார்க்கிறேன்: ஒரு கையில் தம்ளர், மறுகையில் சிகரெட். அன்றைய பால் அந்தத் தம்ளரோடு சரி. புகையோ எலும்பு கட்டும் செல்களையே முடக்குகிறது. வளர்ந்தவருக்கு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். நூறு கிராம் கேழ்வரகில் அதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. ஆடி மாதம் அம்மன் கோயில் வாசலில் ஊற்றும் கூழ் அதுதான். நீங்கள் ஒதுங்கிப் போயிருப்பீர்கள்.

எலும்பு பாரம் பட்டால்தான் இறுகும். டென்னிஸ் ஆடுபவருக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மறுகையைவிடத் தடித்திருக்கும். உங்களுக்கு மாடிப்படி போதும்.

மாத்திரை தந்திரமல்ல. ஆனால் வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் மாத்திரையை, சீக்கிரம் தேறிவிடலாம் என்று தினம் ஒன்றாக விழுங்காதீர்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும்.