பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பல்கலைக்கழகம் அனுப்பவேண்டிய ஐ-20 சேர்க்கைப் படிவம் இன்னும் வரவில்லை. என் பாஸ்போர்ட்டில் ‘மலர்விழி’ என்று மட்டும்தான் இருக்கிறது, சர்நேம் (குடும்பப் பெயர்) கட்டம் காலி. மதிப்பெண் பட்டியல்களில் ‘த. மலர்விழி’. அப்பா பெயரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்கிறார் ஏஜென்ட். சேர்த்தால் அங்கே எல்லோரும் உன்னைத் தங்கவேல் என்றுதான் கூப்பிடுவார்கள் என்கிறார் அங்கே படிக்கும் ஓர் அக்கா. என்ன செய்யட்டும்?

மலர்விழி, தர்மபுரி

அன்புள்ள மலர்விழி,

அக்கா சொல்வது உண்மை. ஏஜென்ட் சொல்வதில் ‘ஆகவேண்டும்’ என்பது மட்டும் தவறு. ஒற்றைப் பெயருக்கும் விசா கிடைக்கும். தொல்லை அதற்குப் பிறகுதான்.

பாஸ்போர்ட்டில் உங்கள் படத்துக்குக் கீழே இயந்திரம் படிப்பதற்கென்று இரண்டு வரிகள் இருக்கும். அதில் சர்நேம்தான் முதலில் வரும். அது காலி என்றால் அந்த இடத்தில் உங்கள் பெயரே போய் உட்கார்ந்துவிடும். டிஎஸ்-160 விசா படிவத்திலும் அப்படித்தான்: சர்நேம் கட்டத்தில் மலர்விழி, முதற்பெயர் கட்டத்தில் எஃப்.என்.யு., அதாவது ‘முதற்பெயர் தெரியவில்லை’. விசாவில் அதுவே அச்சாகும். அங்கிருந்து வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், சம்பளச் சீட்டு என்று தொற்றிக்கொண்டே போகும். எஃப்.என்.யு.வையே பெயராகப் படித்து, ‘அன்புள்ள ஃப்னு’ என்று மின்னஞ்சல் பெறுகிற தமிழ்ப் பிள்ளைகள் நிறைய.

ஐ-20 வரவில்லை என்பதால் உங்களுக்கு வழி திறந்திருக்கிறது. வகுப்பு தொடங்க மூன்று மாதத்துக்கும் குறைவென்றால் எதையும் தொடாதீர்கள், இருக்கிற பெயரிலேயே போய்விடுங்கள். அவகாசம் இருந்தால் வரிசை மாறாமல் செய்யுங்கள். முதலில் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு, அதை வைத்துப் பாஸ்போர்ட் மறுவெளியீடு (36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000). புதுப் பாஸ்போர்ட்டின் நகலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, அந்தப் பெயரில் ஐ-20 வாங்கிய பிறகே அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம், கடைசியாக டிஎஸ்-160. பலர் செவிஸ் கட்டணத்தை முந்திக் கட்டிவிடுகிறார்கள். ரசீதில் ஒரு பெயர், ஐ-20-இல் வேறு பெயர் என்று ஆகி, நேர்காணல் நேரத்தில் தவிப்பார்கள். பழைய பெயரில் எழுதிய டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்கு, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற நோட்டரி பிரமாணப் பத்திரத்தைக் கையில் வைத்திருங்கள்.

எந்தப் பெயரைச் சேர்ப்பது? அப்பா பெயர்தான் என்று சட்டமில்லை, அம்மா பெயரையும் வைக்கலாம். சாதிப் பட்டம் மட்டும் வேண்டாம். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு விடச் சொன்னதை விசாவுக்காக மறுபடி ஒட்டிக்கொள்வானேன்? சர்நேமை வைத்துச் சாதியைக் கணக்குப் போடுகிற இந்திய மாணவர்கள் அங்கேயும் உண்டு. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022-இல் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது காரணமில்லாமல் அல்ல.

இனி அக்கா சொன்ன விஷயம். வகுப்பில் சரிசெய்வது சுலபம். பெரும்பாலான பல்கலைக்கழக மாணவர் தளங்களில் ‘விருப்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு. சேர்ந்த முதல் வாரமே அதில் மலர்விழி என்று நிரப்பினால் வருகைப் பட்டியலும் மாறும். மின்னஞ்சல் முகவரி தானாக உருவாகியிருக்கும், அதைத் தனியாகக் கேட்டு மாற்றவேண்டும். சம்பளப் படிவத்தில் மட்டும் இந்த விருப்பமெல்லாம் செல்லாது, வேலை பார்ப்பவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் சமூகப் பாதுகாப்பு அட்டையில் உள்ள பெயர்தான் அங்கே.

ஆராய்ச்சிக் கட்டுரைதான் கவனிக்கவேண்டிய இடம். மேற்கோள் காட்டுகிறவர்கள் பெயரின் கடைசிச் சொல்லைத்தான் எடுப்பார்கள், உங்கள் உழைப்பு ‘தங்கவேல் மற்றும் பிறர்’ என்று பதிவாகும். கட்டுரையில் பாஸ்போர்ட் பெயரையே போடவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ‘த. மலர்விழி’ என்றே போடலாம். முதல் கட்டுரைக்கு முன்பே ஆராய்ச்சியாளர்களுக்கான ஆர்சிட் தளத்தில் 16 இலக்க அடையாள எண்ணை இலவசமாக எடுத்து, கடைசிவரை ஒரே வடிவத்தில் எழுதுங்கள். நடுவில் மாற்றினால் தேடுகிறவர்களுக்கு நீங்கள் இரண்டு பேர்.

பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது பெயர் எப்படி அச்சாகவேண்டும் என்று கேட்பார்கள். அங்கேயே வேலைக்கு முயலும் எண்ணம் இருந்தால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள்.