மருத்துவர் பதில்: கல்லீரல் மாற்றி எட்டு மாதம், இருமல் வந்திருக்கிறது, மாத்திரையும் மாறியிருக்கிறது

கேள்வி: என் கணவருக்கு வயது 54. ஹெபடைடிஸ் பி-யால் கல்லீரல் சுருங்கி, எட்டு மாதத்துக்கு முன் சென்னையில் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கல்லீரல் கொடுத்தது எங்கள் மூத்த மகன். டாக்ரோலிமஸ் காலை 1.5 மி.கி., இரவு 1.5 மி.கி., கூடவே மைகோபினோலேட், என்டெகாவிர் சாப்பிடுகிறார். சென்னையில் வாங்கிய டாக்ரோலிமஸ் தீர்ந்துவிட்டது. ரங்கூனில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்து, "இது நாளைக்கு ஒன்று போதும்" என்றார்கள். இன்னும் தொடங்கவில்லை, பழையது ஐந்து நாளைக்கு இருக்கிறது. இரண்டு வாரமாக இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் வேறு. டிபியாக இருக்கும், மருந்து ஆரம்பிக்கலாம் என்கிறார்கள். அவரோ, "பெற்ற பிள்ளையின் கல்லீரல்தானே, உடம்பும் தேறிவிட்டது, மருந்தைக் குறைத்தால் என்ன" என்கிறார். என்ன செய்யட்டும்? (பர்மாவின் தட்டோனிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அம்மா, முதலில் இருமலைக் கவனிப்போம். டாக்ரோலிமஸ், மைகோபினோலேட் போல எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கு இரண்டு வாரக் காய்ச்சலும் இருமலும் இருந்தால் காத்திருக்கக் கூடாது. இன்றோ நாளையோ மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மார்பு எக்ஸ்ரேயும், சளியில் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனையும் வேண்டும். டிபி கிருமி இருக்கிறதா என்பதோடு, அது ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்பதையும் ஜீன்எக்ஸ்பர்ட் காட்டிவிடும். பர்மாவில் மருந்துக்குக் கட்டுப்படாத டிபியும் இருப்பதால் இது முக்கியம். டிபி இல்லாமல் நிமோனியாவாகவோ பூஞ்சைத் தொற்றாகவோ கூட இருக்கலாம். ஊகத்தில் மருந்து தொடங்குவது இவர் விஷயத்தில் ஆபத்து. காரணம் சொல்கிறேன்.

டிபிக்கு வழக்கமாகத் தரும் மாத்திரையில் நாலு மருந்து ஒன்றாக இருக்கும்: ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைரசினமைட், எதாம்புட்டால். இதில் ரிஃபாம்பிசின், டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியைக் குடலிலும் கல்லீரலிலும் பெருக்கிவிடும். அதே 1.5 மி.கி.யைத் தவறாமல் விழுங்கிக்கொண்டே இருப்பார். ஆனால் ஒன்றிரண்டு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்தின் அளவு அடிமட்டத்துக்குப் போய்விடும். அப்போது கல்லீரலை உடல் தாக்கத் தொடங்கும், இதுதான் நிராகரிப்பு. இதைச் சமாளிக்க டாக்ரோலிமஸை இரண்டு மூன்று மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல் கூட்ட வேண்டியிருக்கும். அல்லது இந்தத் தொல்லை குறைவாக உள்ள ரிஃபாபூட்டினையோ, லெவோஃப்ளாக்சசின் சேர்ந்த வேறு கூட்டையோ தேர்ந்தெடுப்பார்கள். தொற்று அடங்கும்வரை மைகோபினோலேட்டைக் குறைப்பதும் உண்டு. எது என்பதைச் சென்னை மாற்றுக் குழுவும் தட்டோன் டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டும். டிபி உறுதியானால் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது. பரிசோதனை முடிவு வந்த அன்றே போனில் பேசி, மருந்து தொடங்கும் நாளிலிருந்தே வாரம் இரண்டு முறை டாக்ரோலிமஸ் லெவல் (ரத்தத்தில் மருந்தின் அளவு) பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். டிபி மருந்து முடியும்போது இதே சிக்கல் தலைகீழாக வரும். ரிஃபாம்பிசினை நிறுத்தி இரண்டு வாரத்துக்குள் நொதி பழைய நிலைக்குத் திரும்பும். கூட்டிய டாக்ரோலிமஸைக் குறைக்காமல் விட்டால் சிறுநீரகம் அடிவாங்கும்.

இன்னொன்று. ஐசோனியாசிடும் பைரசினமைடும் கல்லீரலைத் தாமாகவே புண்படுத்தக் கூடியவை. ஆகவே எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி ரத்தத்தில் ஏறினால் அது நிராகரிப்பா, டிபி மருந்தின் வேலையா என்று ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பயாப்ஸி (கல்லீரலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) கேட்டால் தயங்காதீர்கள். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் மஞ்சள் காமாலையைச் சிறுநீரின் நிறத்தால் கண்டுபிடிக்கும் வழி அடைபட்டுப் போகிறது. தினமும் காலை வெளிச்சத்தில், கீழ் இமையை இழுத்துக் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள்.

அடுத்து, அந்தப் புது மாத்திரை. டாக்ரோலிமஸில் இரண்டு வகை. ஒன்று 12 மணி நேரத்துக்கு ஒரு முறை சாப்பிடுவது. இன்னொன்று மெல்ல மெல்லக் கரைவது, காலையில் ஒரே வேளை. மருந்து ஒன்றுதான், பெயர்களும் பெரும்பாலும் "கிராஃப்" என்றே முடியும். புரோகிராஃப், பான்கிராஃப் இரண்டு வேளை வகை. அட்வாகிராஃப் ஒரு வேளை வகை. அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் எக்ஸ்ஆர், எக்ஸ்எல், பிஆர் என்ற எழுத்துகள் இருந்தால் அதுவும் மெல்லக் கரையும் வகையாக இருக்கலாம். இவற்றை மாற்றிக் கொடுத்து நிராகரிப்பு வந்த சம்பவங்கள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. உங்களுக்குக் கொடுத்தது 1 மி.கி. கேப்ஸ்யூல் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஒன்று என்றால் 3 மி.கி. சாப்பிட்டவர் 1 மி.கி.க்கு இறங்கிவிடுவார். மெல்லக் கரையும் வகைக்கு மாறுவதாக இருந்தாலும் முழு நாள் அளவான 3 மி.கி.யும் காலையில் போக வேண்டும், அதுவும் குழு சொன்ன பிறகு. ஆகவே கடைக்காரர் சொன்ன அளவை விட்டுவிடுங்கள். அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துச் சென்னைக்கு அனுப்புங்கள். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனியின் அதே வகைக்கு மாறுவது தவறல்ல. மாறிய ஒரு வாரத்தில் லெவல் பார்த்துவிட வேண்டும், அதன் பிறகு அந்தக் கம்பெனியையே தொடர வேண்டும். ஐந்து நாளைக்குத்தான் கையிருப்பு என்றால் இன்றே தேடத் தொடங்குங்கள். இந்த மருந்தில் ஒரு மாத இருப்பு குறையாமல் வீட்டில் இருப்பது அவசியம். 2025 மார்ச் நிலநடுக்கம் மாதிரி ஒன்று வந்தால் கடையும் திறக்காது, பாதையும் இருக்காது.

லெவல் பார்ப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ரத்தம் எடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போக வேண்டும். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டிருந்தால் காலை எட்டுக்கு ரத்தம், அதற்குப் பிறகு மாத்திரை. மாத்திரையையும் கையோடு கொண்டுபோங்கள். சாப்பிட்டுவிட்டுப் போய்க் கொடுத்தால் லெவல் பொய்யாக ஏறித் தெரியும், டாக்டர் டோஸைக் குறைப்பார், ஆபத்து அங்கேயே தொடங்கும். ஊதா மூடிக் குழாயில் முழு ரத்தமாகப் போக வேண்டும். இந்த மருந்து சிவப்பணுவுக்குள்தான் ஒட்டியிருக்கும், சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) மட்டும் பிரித்தால் பயனில்லை. தட்டோனிலிருந்து ரங்கூனுக்கு அனுப்புவதாக இருந்தால் இதை ஆய்வகத்தில் சொல்லி வாங்குங்கள். முதல் மாதங்களில் மில்லிலிட்டருக்கு 6 முதல் 10 நானோகிராம் வரை வைப்பது வழக்கம். பிறகு மெல்ல 4 முதல் 7 வரை இறக்குவார்கள். உங்கள் கணவருக்கான எண் எது என்று குழுவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை மி.கி. சாப்பிடுகிறார் என்பதை விட இந்த எண்தான் கல்லீரலைக் காக்கிறது.

மாத்திரை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மூன்று மணி நேரம் பின்போ. எதுவானாலும் தினமும் ஒரே மாதிரி. சென்னையில் எட்டு மணி என்றால் இங்கே ஒன்பது. எட்டோ ஒன்பதோ, ஒன்றை வைத்து மாறாமல் இருங்கள். ஒரு வேளை மறந்து, நாலைந்து மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உடனே போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டு வேளையைச் சேர்த்துப் போடக் கூடாது. மழைக்காலத்து ஈரம் கேப்ஸ்யூலுக்கு ஆகாது. அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டு வைக்க வேண்டாம்.

லெவலை ஏற்றிவிடுபவையும் உண்டு. இருமலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், வாய்ப்புண்ணுக்குத் தரும் ஃப்ளுகோனசோல், பிரஷருக்கான டில்டியாசெம் எல்லாம் அந்த வகை. பழத்தில் பம்பளிமாஸ். மோல்மேன் பக்கம் அது விளையும் மண், உங்கள் ஊருக்கு வீடு தேடி வரும். இவருக்கு ஒரு சுளையும் வேண்டாம், பம்பளிமாஸ் சேர்த்துப் பிசையும் அத்தோவும் வேண்டாம். வயிற்றுப்போக்கிலும் லெவல் குறையாது, ஏறும். கை நடுக்கம், தலைவலி, பிரஷர், சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கூடுவது அளவு மிஞ்சியதன் அடையாளம். காய்ச்சலுக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஊசியும் மாத்திரையும் கூடாது. பாராசிட்டமால் நாளைக்கு 2 கிராமுக்குள் போதும்.

நம் மக்கள் அன்போடு கொண்டுவந்து தரும் கீழாநெல்லி, சீந்தில், நிலவேம்புக் கஷாயம், "எதிர்ப்புச் சக்தி கூட்டும்" பொடிகள் எதையும் ஏற்காதீர்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதுதான் இங்கே சிகிச்சை. சீந்தில் கல்லீரலையே புண்படுத்தியது இந்தியாவில் பதிவாகியிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை, குப்பியில் வரும் மஞ்சள் சாற்று மாத்திரை வேண்டாம்.

இனி, பிள்ளையின் கல்லீரல்தானே என்ற கேள்வி. மகனின் அணுக்களில் உள்ள அடையாளங்களில் பாதி அப்பாவுடையது, மறுபாதி உங்களுடையது. அந்த மறுபாதி உங்கள் கணவரின் உடலுக்கு அந்நியம். அதை அவருடைய டி-செல்கள் என்ற வெள்ளையணுக்கள் என்றைக்கும் அடையாளம் கண்டுகொள்ளும். அவை தாக்குவதற்குப் பெருகாமல் டாக்ரோலிமஸ் தடுக்கிறது. 1963-ல் தாமஸ் ஸ்டார்சல் அமெரிக்காவில் முதல் கல்லீரல் மாற்று சிகிச்சையைச் செய்தபோது அறுவையின் சவாலோடு இந்த நிராகரிப்பும் பெரிய தடையாக இருந்தது. சைக்ளோஸ்போரினும், 1989-ல் டாக்ரோலிமஸும் வந்த பிறகே நிலைமை மாறியது. உடம்பு தேறியிருப்பது இந்த மருந்து வேலை செய்வதால்தான். குறைப்பதற்கு ஒரு முறை உண்டு: ஸ்டீராய்டு முதலில், பிறகு மைகோபினோலேட், டாக்ரோலிமஸ் கடைசியில், அதுவும் வருடக்கணக்கில். அதை அவர் தானாகச் செய்யக் கூடாது. நிராகரிப்பு ஆரம்பத்தில் வலிக்காது, காய்ச்சலும் வராமல் இருக்கலாம். எஸ்ஜிபிடி, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், பிலிரூபின் ஏறுவதுதான் முதல் தடயம். அந்தக் கட்டத்தில் மீதைல்பிரெட்னிசலோன் ஊசி மூன்று நாள் போட்டுப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். மருந்து குறைந்த நிலையிலேயே மாதக்கணக்கில் போனால் பித்தநாளங்கள் ஒவ்வொன்றாக மறைந்துபோகும். அதற்கு மறுபடி மாற்று சிகிச்சைதான் வழியாகும்.

என்டெகாவிரையும் இந்தக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். அதை நிறுத்தினால் ஹெபடைடிஸ் பி புதுக் கல்லீரலிலும் குடியேறும். அதற்கும் வெறும் வயிறு, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி. ஹெபடைடிஸ் பி திரும்பியிருக்கிறதா என்று காட்டும் எச்பிஎஸ் ஆன்டிஜென் பரிசோதனையை எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் சென்னையில் பேசும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.